லெச்சுமியின் தாய்வழி

பெரியப்பா,

அம்மாவின் அடுப்பில் சீம்பால் வேகிறது. கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்த இந்த வாசனை எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள்ளிருந்தே வருவது எனக்குப் புதிது. சிறு வயதில் அது எப்போதும் உங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது.

உங்கள் பசு கன்று போடும்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் சீம்பால் போகும். பெரியம்மா தூக்குவாளியோடு எங்கள் வாசலைத் தாண்டி நடப்பார். அப்பா உங்கள் கூடப்பிறந்த தம்பி. ஆனால் அவர் கட்டியது கீழ்க்கிராமத்துச் சிங்களப் பெண்ணை. ஒருமுறை அப்பா வாய்விட்டுக் கேட்டபோது, "பாலு சொந்தத்துக்குடா. கலப்புக்கு இல்ல" என்றீர்கள். நான் கதவருகே நின்றிருந்தேன். அப்பா பிறகு கேட்கவே இல்லை. நான் மறக்கவே இல்லை.

உங்கள் வீட்டில் எந்தத் தலைமுறைப் பசுவுக்கும் லெச்சுமி என்றுதான் பெயர். "எங்க தாத்தா தஞ்சாவூருலேருந்து கையோட ஓட்டிட்டு வந்த வம்சம்" என்பீர்கள். வெள்ளை உடம்பு, எடுப்பான திமில், தொங்கும் அலைதாடி. பார்த்தவர்கள் நம்பினார்கள். தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே இந்த மலைக்கு நடந்து வந்த கூட்டத்தில் மனிதர்களே பாதி வழியில் செத்தார்கள், மாட்டை யார் ஓட்டி வந்திருப்பார்கள் என்று நான் கேட்டால், "நீயும் கூட நடந்து வந்தியாக்கும்?" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். சினைக்கு ஊசி போட வந்தவரை, "சீமைக் காளை ஊசியா? எங்க லெச்சுமிக்கா?" என்று விரட்டிவிட்டு, திமில் உள்ள காளை தேடிக் கந்தப்பளை வரை போனவர் நீங்கள்.

விலங்கு விஞ்ஞானம் படித்துவிட்டு, என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களுக்குக் கீழே கால்நடை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். அந்தப் படிப்பு ஒரே ஒரு தடவை எனக்கு உதவியது. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் மாடுகளின் மரபணுவை ஆராயும் என் வகுப்புத் தோழனுக்கு அனுப்ப லெச்சுமியின் வால்மயிரை வேரோடு கேட்டேன். "புடுங்கிக்க. ஒன் படிப்பு என்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்றீர்கள்.

மனிதர்கள் மாட்டை இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பழக்கினார்கள். மேற்காசியாவில் திமில் இல்லாதது, சிந்துவெளிப் பக்கம் திமில் உள்ளது. சீமை மாடுகள் முதலாவதன் வழி, இந்திய மாடுகள் இரண்டாவதன் வழி. தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்குப் போகும் மரபணு ஒன்று உண்டு. எத்தனை காளைகள் மாறினாலும் அது மாறாது. லெச்சுமியிடம் இருந்தது திமில் இல்லாத மாட்டின் தாய்வழி. திமிலும் தாடியும் தலைமுறை தலைமுறையாக நீங்கள் தேடிப் பிடித்த காளைகள் கொடுத்தவை. உங்கள் தாத்தா பங்களாவில் வெள்ளைக்காரத் துரையின் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கன்று அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இதை உங்களிடம் சொல்ல எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மாட்டுப்பட்டியில் புல் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அப்ப இவ தொரை வீட்டுப் பொண்ணா?" என்று சிரித்தீர்கள். "அதான் மழையில காலை வெளிய வைக்க மாட்டேங்குறா."

"தாய் வேற எனம்னா, ஒங்க லெச்சுமியும் கலப்புதானே பெரியப்பா?"

சிரிப்பு நின்றது. "மாடு வேற, மனுசன் வேற. போடா."

அடுத்த ஈற்றிலும் தூக்குவாளி எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது.

போன மழையில் நீங்கள் போனீர்கள். காரியம் முடிந்ததும் பெரியம்மா லெச்சுமியை எங்கள் வாசலுக்குப் பிடித்து வந்து, நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை அப்படியே ஒப்பித்தார்: "விக்காத. அந்தச் சிங்களத்திகிட்ட குடு. ரெண்டும் வெளியேருந்து வந்ததுதானே, ஒண்ணா கெடக்கட்டும்."

நான் வேண்டாம் என்றேன். அம்மா கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பேச்சை இன்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வசை என்றால் மாட்டை ஏன் கொடுத்தீர்கள்? வருத்தம் என்றால் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஏன் சொல்லவில்லை? இனிக் கேட்கவும் முடியாது. என் கோபம் அதற்கும் சேர்த்துத்தான்.

இன்று விடிகாலையில் லெச்சுமி கன்று போட்டது. கிடாரி. அந்தத் தாய்வழி இன்னும் ஒரு தலைமுறைக்குத் தொடரும். அம்மா தூக்குவாளிகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்திருக்கிறாள்.

"மொதல்ல அக்கா வீட்டுக்கு" என்றாள். பெரியம்மாவைச் சொல்கிறாள்.

"அவங்க நமக்கு ஒரு தடவையாவது குடுத்தாங்களா?"

"மாடே குடுத்தாங்கதானே, புதா." மகனே என்பதை அவள் இன்றும் சிங்களத்தில்தான் சொல்வாள். "ஒரு வீடும் விட வேணாம். நீ கொண்டு போ."

சீம்பால் வெந்துவிட்டது. எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். உங்கள் வாசலில்தான் தொடங்க வேண்டும். நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்தனுப்புவது அம்மா. நான் தூக்கிக்கொண்டு மட்டும் வருகிறேன்.