பயத்தோடு சேர்த்தே சொல்

அன்பு மகளுக்கு, அல்லாஹ்வின் சாந்தி உன்மேலும் மருமகன்மேலும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளைமேலும் உண்டாகட்டும். இங்கே நாங்கள் சுகம், எங்கள் துஆ எல்லாம் உன் சுகத்துக்குத்தான். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

போன தடவை போனில், "இந்தப் பிள்ளையும் தங்காம போயிடுமோன்னு பயமா இருக்கு உம்மா, அல்லாஹ் பேரச் சொல்லித் திக்ரு செஞ்சாலும் நெஞ்சு அடங்க மாட்டேங்குது" என்று அழுதாய். அதிலிருந்து தையல் கூடத்தில் உட்கார்ந்தாலும் மனசு உன்னிடமே ஓடுகிறது. மதியத்தில் எல்லா மிஷினும் ஒன்றாக ஓடும்போது அந்தச் சத்தம் தூரத்து மழை மாதிரி ஆகிவிடும், மடியில் வெள்ளைத் துணி வழிந்துகொண்டே இருக்கும், கண் திறந்திருந்தும் கனவுக்குள் இருப்பது போலிருக்கும். அப்போது சுப்ஹானல்லாஹ் என்று நாக்கு தானாகத் தொடங்கிவிடும். நேற்று அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு சட்டையில் பட்டன் வரவேண்டிய பக்கத்திலும் காஜா எடுத்துவிட்டேன், இரண்டு பக்கமும் ஓட்டை. சூப்பர்வைசர் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அல்லாவ நினைங்க அக்கா, வேணாங்கல, சட்டை போடுறவனையும் கொஞ்சம் நினைங்க" என்றார். கூடமே சிரித்தது, வீட்டில் சொன்னதைக் கேட்டு உன் வாப்பா இன்னும் சிரிக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு, அந்த நேரத்திலும் உன்னைப் பற்றிய பயம் எனக்குப் போகவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருந்தது. நாக்கும் நிற்கவில்லை, அவ்வளவுதான். முதல் பிள்ளை போனபோது, நீ சரியாகத் திக்ரு செய்யாததால்தானோ என்று கேட்டாயே, இல்லை. அல்லாஹ்வை நினைப்பது பேரம் இல்லை. அவன் பெயரைச் சொன்னால் பிள்ளை தங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தவனிடமே போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சாய்ந்துகொள்வதுதான் அது. நெஞ்சு அடங்கட்டும் என்று காத்திருக்காதே, பயத்தோடு சேர்த்தே சொல்.

வியாழக்கிழமை ஸ்கேனுக்கு மருமகனையும் கூட்டிக்கொண்டு போ, லீவு கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று சொல். வேளைக்குச் சாப்பிடு. சேதி எதுவானாலும் எனக்கு முதலில் சொல், நல்லதென்றால் மட்டும் சொல்லலாம் என்று மறைக்காதே. எந்தச் சேதிக்கும் நான் உன் உம்மாதான்.

பிள்ளை முகம் பார்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் உனக்குத் தருவானாக, ஆமீன்.

உன் உம்மா

எழுதியது தங்கை. எனக்குப் பேச வராது அக்கா. நானும் உனக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.