இன்வெர்ட்டருக்குத் தைத்த சட்டை

காரைக்கால்,
டிசம்பர் 3

அன்பும் மரியாதையும் நிறைந்த கபீர் மச்சானுக்கு, தாரிக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இதனால் சகலருக்கும், குறிப்பாக மஸ்கட்வாழ் மச்சானுக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு இன்வெர்ட்டர் சென்ற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு தன் சட்டையை நிரந்தரமாகக் கழற்றிவிட்டது. பிஸ்தா நிறச் சாட்டின், உள்ளே ரெக்சின், ஓரமெல்லாம் ஜரிகை. இனி அது வெற்று மேனியோடுதான் சுவரில் தொங்கும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதீர்கள். உங்கள் மகள் இஃபாத் நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். போனில் உங்களிடம் எதையும் உளறக் கூடாது என்று உங்கள் மனைவி, என் லாத்தா, சொல்லிவிட்டாள். "அங்க தனியா கெடக்குறவங்க, தூங்க மாட்டாங்கடா" என்றாள். கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஷகீல் மாமா நாளை மறுநாள் மஸ்கட் கிளம்புகிறார். உம்மா அனுப்பும் ஊறுகாய்ப் பார்சலுக்குள் இதைச் செருகிவிடுவேன். எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

புயல் எங்களைத் தொடாமல் வடக்கே போய்விட்டது என்று உங்களிடம் சொன்னது பாதி உண்மை. புயல் போய்விட்டது, போகும்போது கரண்ட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோட்டுச்சேரி ரோட்டில் வரிசையாகக் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. தெருவே இருட்டு, நம் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றியது. அப்போதுதான் மச்சான், உங்களை நினைத்துக்கொண்டேன்.

மாடியில் சோலார் பேனல் வைத்து இன்வெர்ட்டர் வாங்கும்போது நடந்தது நினைவிருக்கிறதா? கடைக்காரர் மலிவாக ஒன்றைக் காட்டி, பில்லே வராது என்று ஆசை காட்டினார். நானும் வாயைப் பிளந்தேன். நீங்கள் வீடியோ காலில் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "லைன்ல கரண்ட் போனா இது ஓடுமா?" அவர் தலையைச் சொறிந்தார். அந்த வகை, லைன் செத்தால் கூடவே செத்துவிடுமாம், மாடியில் வெயில் கொட்டினாலும். சோலாரும் போச்சு, சோறும் போச்சு! நீங்கள்தான் பேட்டரியோடு ஓடுகிற ஹைபிரிட் வேண்டும், சீரான ஸைன் வேவ் கரண்ட் வேண்டும், குழந்தைக்கு இழுப்பு வந்தால் வைக்கிற நெபுலைசர் மோட்டார் முனகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தீர்கள். அதன் விலைக்காகப் பெருநாளுக்கு வருவதாக இருந்த லீவைத் தள்ளிப்போட்டீர்கள். ஏன் தள்ளினீர்கள் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும் மச்சான்.

கடல் காற்று பட்டால் துருப்பிடித்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் மார்ட்டின் அண்ணன் அதை உங்கள் அறைச் சுவரில்தான் மாட்டினார். மாப்பிள்ளை அனுப்பிய பொருள், அதுவும் மாப்பிள்ளை அறையில்! உம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? டிவிக்குச் சட்டை, ஃபிரிட்ஜுக்குப் பாவாடை, நீங்கள் அனுப்பிய மிக்ஸிக்குத் தொப்பி போட்டவர்கள் இன்வெர்ட்டரை மட்டும் அம்மணமாகவா விடுவார்கள்?

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. நான் தாராளப் பிரபு ஆனேன். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தேன். அஞ்சுகம் அக்கா கிரைண்டரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். "தாரிக் கரண்ட் கம்பெனி" என்று தெருவில் பேரெடுத்தேன். மேலே வெயிலில் சார்ஜ், கீழே தெருவே லோடு, நடுவில் ரெக்சினும் சாட்டினும், போதாக்குறைக்கு ஜன்னல் சாத்திய அறை. மாவு அரைபடும்போதே கீச்சென்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது.

அந்த நேரம் பார்த்து இஃபாத்துக்கு இழுப்பு வந்தது. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. நெபுலைசரில் மருந்து ஊற்றியாயிற்று, கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிட்டால், தெருமுனையில் வேப்பமரம் விழுந்து கிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் உங்கள் மச்சான் தாரிக் களத்தில் இறங்கினான். சூடு ஏறித்தான் நின்றிருக்கிறது என்று நொடியில் கண்டுபிடித்து, சட்டையை உருவி எறிந்து, ஜன்னல்களைத் திறந்து, கிரைண்டரைப் பிடுங்கி, முறத்தால் விசிறி, இன்வெர்ட்டருக்கு உயிர் கொடுத்தேன். நெபுலைசர் ஓடியது. இஃபாத் அழுதாள். அழ மூச்சு வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மறுநாள் டாக்டரிடமும் காட்டியாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது பராமரிப்பு இலாகா என் வசம். காற்று போகும் ஓட்டைகளில் தூசி துடைக்கிறேன். வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். முனைகளைத் தொடுவதில்லை, அது மார்ட்டின் அண்ணன் வேலை. பேனலில் படிந்த உப்பை வெயில் ஏறுவதற்கு முன்பு கழுவிவிடுகிறேன். கிரைண்டருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இந்த வீட்டு இன்வெர்ட்டரில் இடமில்லை என்று அட்டையில் எழுதி ஒட்டியாயிற்று. அஞ்சுகம் அக்கா கோபித்துக்கொண்டு, மறுநாளே இட்லி கொடுத்தனுப்பினார்கள்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. அல்லாஹ் உங்களுக்கு உடல்நலத்தையும் சீக்கிரமே ஒரு லீவையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சானும், உங்கள் மனைவியின் தலைவலியுமான
தாரிக்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்பு ஒன்று. மேலே "களத்தில் இறங்கினான்" என்று எழுதியதில் நான் செய்தது இறங்கியது மட்டும்தான், மாடிப்படியிலிருந்து. ஆன் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். குழந்தையை உம்மா கையில் கொடுத்துவிட்டு லாத்தாதான் ஓடினாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "மூக்கையும் வாயையும் பொத்தி வச்சா இது எப்படிடா மூச்சு விடும்?" என்று சட்டையைக் கிழித்தாள். ஜன்னல், கிரைண்டர், முறம், எல்லாம் அவள்தான். வியர்க்க வியர்க்க விசிறினாள். மூடாதே, சுற்றி ஒரு சாண் இடம் விடு என்று மார்ட்டின் அண்ணன் மாட்டிய அன்றே என்னிடம்தான் சொன்னார். உம்மா அளவெடுத்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவனும் நான்தான். உம்மாவிடமும் லாத்தாவிடமும் சொல்லிவிட்டேன். லாத்தா திட்டவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இஃபாத் தூங்கிய பிறகு லாத்தா உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. உங்களிடம் மட்டும் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொன்னாள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் மச்சான். இந்த வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது குழந்தையைப் பற்றி அப்புறம் கேளுங்கள். முதலில் லாத்தாவைப் பேசவிடுங்கள்.