அப்பா அழித்த இறக்கை

சேலையூர்,
20.11.1988

அன்புள்ள அத்தானுக்கு,

மெட்டில்டா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் வயிற்றில் இருக்கும் ஏழு மாதத்து உங்கள் வாரிசும் சுகம். கோவாவில் உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இங்கே மழை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறேன்.

கடற்படை வாங்கிய ரஷ்ய விமானத்தைத் தரையில் நின்று பழுது பார்க்கிற உங்களை, பறக்கும்போதே எஞ்சின்களைக் கவனிக்கும் வேலைக்குக் கேட்கிறார்கள் என்ற செய்தியை நான்கு முறை படித்தேன். மாமாவைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் மெக்கானிக்காக இருந்தவர் ஆயிற்றே என்று, நீங்கள் வரைந்து அனுப்பிய அந்த விமானத்தின் படத்தை அப்பாவிடமே கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

உங்கள் மாமனார் ரப்பரை எடுத்துவிட்டார். பின்பக்கம் சாய்ந்த இறக்கை ஜெட்டுக்குத்தான், விசிறி வைத்த விமானத்துக்கு ஏது என்று இறக்கையை நேராக்கினார். ஒரு எஞ்சினுக்கு இரண்டு விசிறி எதற்கு என்று எட்டில் நான்கை அழித்தார். விமானத்தை ஒழுங்காகப் பார்த்து வரையத் தெரியாதவரை நான்கு எஞ்சினை நம்பிப் பன்னிரண்டு மணி நேரம் கடல்மேல் அனுப்ப மாட்டேன், வேண்டாம் என்று எழுதிவிடு என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வியாழக்கிழமை அந்த விமானம் எங்கள் பக்கம் வரும் என்று எழுதியிருந்தீர்களே. தலைவலி என்று லீவு போட்டேன். அப்பாவும் வேண்டாவெறுப்பாக மாடிக்கு வந்தார். இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றும் அந்த உறுமல் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது சாய்ந்த இறக்கை தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்கோ, நீங்கள் முடுக்கிய ஆணிகள் அதில் இருக்கின்றன என்று ஊருக்கே கத்திச் சொல்லத் தோன்றியது.

அப்பா கீழே இறங்கிப் பென்சிலைத் தேடினார். அழித்ததையெல்லாம் திரும்ப வரைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை வரைஞ்சதுதான் சரி. என் காலத்துப் பிளேன் கணக்கை இதுக்குப் போட்டுட்டேன். ஏறச் சொல்லும்மா."

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள். எனக்குப் பயமே இல்லை என்றால் பொய். ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுதல். தாம்பரத்துக்கு மேலே வரும்போது நம் மாடியைத் தேடாதீர்கள். உங்கள் கண் எஞ்சின் மீட்டர் முள்ளிலேயே இருக்கட்டும். நாங்கள் மூன்று பேரும் உங்களைப் பார்த்துக்கொள்கிறோம்.

கர்த்தர் உங்கள் இறக்கையைத் தாங்குவாராக.

உங்கள்
மெட்டில்டா