ஒன்பது மீன் பிழைத்துவிட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? என் பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா?

நான் வேலை பாக்குற வீட்டம்மா குடும்பத்தோட வெளியூர் போயிருக்காங்க. பன்னிரண்டு நியான் டெட்ரா மீனை என் பொறுப்புல விட்டுட்டுப் போனாங்க. சாதுவான பொடி மீன், எப்பவும் கூட்டமாத்தான் திரியும். நேத்து தொட்டி கலங்கலா இருக்கேன்னு மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டுக் குழாய்த் தண்ணி ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல கூட்டம் சிதறி, ஒவ்வொண்ணா மேல வந்து வாயைப் பிளந்துச்சு.

மீன்தொட்டிக் கடைக்காரருக்கு போன் பண்ணினேன். "குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும்மா! தொட்டிக்குக் கீழ மருந்து புட்டி இருக்கும், உடனே ஊத்துங்க"ன்னார். ஊத்தினேன். மூணு செத்துப்போச்சு. மிச்சம் ஒன்பதும் மறுபடி சேர்ந்து நீந்துது.

மறைக்க மனசு வரலை, வீட்டம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். "வெள்ளிக்கிழமை வந்து பேசிக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க. எனக்கு முன்னாடி இருந்தவளை ஒரு பூஜாடி உடைஞ்சதுக்கே அனுப்பிட்டாங்களாம்.

நீ கவலைப்படாதே. பாப்பா பாடுறதைப் பதிவு பண்ணி அனுப்பு, நிறைய பாடச் சொல்லு. சரி, வாசல்ல கார் சத்தம் கேக்குது. இன்னிக்கு புதன்தானேம்மா? துணியெல்லாம் பெட்டியில அடுக்கி வெச்சிருக்கேன், சும்மாதான்.

உன் மகள்