உட்கார வைத்த மாதம்

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

கோபத்தை நோயாக எடுத்துக்கொள்ளாவிட்டால், நான், உன் தம்பி, குட்டி மூவரும் இங்கே நலம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் இடைவேளை பத்து நிமிடம். நான் திட்டி முடிக்கவே எட்டு நிமிடம் ஆகிவிடும். தவிர, போனில் உன் முகம் தெரியும். அதனால்தான் கடிதமாக எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

முதலில் லீவு விஷயம். இருபத்தெட்டாம் தேதி ஊருக்குப் புறப்பட இருந்த உன்னை, ஆள் பற்றாக்குறை என்று ஒன்றரை வரியில் மறித்துவிட்டார்கள். இது இரண்டாம் தடவை. உனக்கு வேலை பச்சைக் குழந்தைகள் வார்டில். அதன் வாசலில் தாயும் சேயும் சிரிக்கிற ஆளுயரப் படம் இருப்பதாக நீதான் சொன்னாய். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் உன் மேலதிகாரி அம்மாள், வீடியோல தினமும் பார்க்கிறியே, அப்புறமென்ன என்று கேட்டிருக்கிறார்.

அதைவிட எனக்கு ஆறாதது நீ சொன்ன பதில். பரவாயில்லை மேடம் என்றாயாம். யாருக்குப் பரவாயில்லை? என்னைக் கேட்டாயா? உன் தம்பியைக் கேட்டாயா? இந்த மாதம் நாங்கள் பட்ட பாடு தெரிந்திருந்தால் அந்த வார்த்தை உன் வாயில் வந்திருக்காது. உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம். இப்போது சொல்கிறேன்.

குட்டி நடக்கிறாள்.

ஐந்தாம் தேதி மாலை, அவள் முதல் பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள். நான் டிரைவிங் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சோபாவைப் பிடித்து நின்றவள் கையை விட்டாள். நாலே அடி. வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த உன் தம்பி மைக்கை அணைக்காமலே, மாமா, நடக்கிறா மாமா என்று கத்தினான். அவன் மேனேஜர் வாழ்த்துச் சொன்னாராம்.

உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அதற்கு முந்தின வாரம் நீ அவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அம்மா வர்ற வரைக்கும் நடந்துடாதடி கண்ணு, அதையாவது எனக்கு வச்சிரு என்றாய். ஏழாம் மாதத்தில் அவளை விட்டுப் போனவள் நீ. முதல் பல்லையும் முதல் பிறந்தநாளையும் போன் திரையில் பார்த்தாய். நீ கேட்டது இது ஒன்றுதான். போனைக் கீழே வைத்துவிட்டேன். உன் தம்பி, இருபத்து மூணு நாள்தானே மாமா, சமாளிச்சிடலாம் என்றான். அவனுக்குக் குழந்தை இல்லை, அதனால் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது, எனக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து, நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. என்ன, திடீர்னு எல்லாரும் கலைஞர் ஆயிட்டீங்க என்று சிரித்தாயே, காரணம் இதுதான். முப்பத்தெட்டு வயதில் நான் மவுத் ஆர்கன் வாங்கியது சங்கீத தாகத்தால் அல்ல. அதை ஊதினால் அவள் ஆறு நிமிடம் அசையாமல் இருக்கிறாள். எனக்கு ஒரே பாட்டுதான் வரும்; அதிலும் பாதி. கீழ்வீட்டு டீச்சர் மாடியேறி வந்து, மீதிப் பாட்டு எப்ப சார் வரும், காத்திருந்தே தலைவலி வந்துருச்சு என்றார். உன் தம்பி காகிதத்தில் கொக்கு மடிக்கப் படித்தான். நாற்பது கொக்கு மடித்தான். முப்பத்தொன்பதை அவள் மென்றுவிட்டாள்.

பிறகு சமையல். வாயில் வேலை இருந்தால் காலுக்கு வேலை இல்லை என்று கண்டுபிடித்தேன். ஆனால் சீக்கிரம் தீர்கிற சாப்பாடு உதவாது. பட்டாணியை வேகவைத்து, நசுக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும்படி தட்டு முழுக்கப் பரப்பினேன். ரொட்டி சுடவும் கற்றுக்கொண்டேன். முதல் ரொட்டியை அவள் இரண்டு நாள் கடித்தாள்; ரொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, கைப்பக்குவம் வந்துருச்சே என்று பாராட்டினாய். நான் ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

என் பிழைப்பையும் நினைத்துப் பார். பகல் முழுக்க, கிளட்சை விடப் பயப்படுகிறவர்களிடம், போங்க, தைரியமாப் போங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். சாயங்காலம் வந்து, தைரியமாகப் போகிறவளைப் பிடித்து உட்கார வைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போது எழப் பார்த்தாள். தோளைப் பிடித்து அழுத்தினேன். அழுதாள். ஏன் அழறா, பல் வலியா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். போனை வைத்ததும், இனி நட என்று விட்டேன். எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானாகவே உட்கார்ந்துகொண்டாள்.

உன் மேலதிகாரி அம்மாளுக்கு நாலு பக்கம் எழுதினேன். மரியாதையான சொற்கள் முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டதால் கிழித்துப் போட்டேன்.

சட்டம் இன்றோடு ரத்து. இன்னொரு மாதம் அவளை உட்கார வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நீ கேட்ட ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அவள் நடப்பதை நாங்கள் யாரும் படம் எடுக்கவில்லை. உன் தம்பி எடுக்கப் போனான்; அக்கா பார்க்காததை நீ என்ன பத்திரப்படுத்துவது என்று தடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ கூப்பிடும்போது, போனை ஒரு முக்காலிமேல் அவள் உயரத்துக்குச் சுவரில் சாய்த்து வைக்கிறோம். நாங்கள் இருவரும் அறைக்கு வெளியே நிற்போம். கையை நீட்டிக் கூப்பிடு. யார் கூப்பிட்டாலும் வருகிற பருவம் இது; நீ கூப்பிட்டு வராமல் போவாளா? வந்து திரையில் நெற்றியை முட்டிக்கொள்வாள், உன்னைத் தூக்கச் சொல்லி அழுவாள். அதற்கும் தயாராக இரு.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குச் சீருடைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள். அடுத்த லீவை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்கு. உன் மகள் நடந்துவிட்டாள். ஓடுவதற்குள் வந்துவிடு.

கோபம் இன்னும் தீராத,
உன் வீட்டுக்காரன்