உன் பெயரைச் சொல்லிக் குடித்தேன்

கோத்ரோய்போ,
அக்டோபர் 14, செவ்வாய்.

அன்புள்ள எர்மெஸ்,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானது சோம்பலால் இல்லை. பேனாவை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். மலைமேல் இருக்கும் உங்கள் இல்லத்தில் தொலைபேசி கூடாது என்று வைத்திருக்கும் விதியை நான் திட்டாத நாளில்லை. இந்த வாரம் மட்டும் அதற்குக் கும்பிடு போட்டேன். பேசியிருந்தால் என் குரலை வைத்தே நீ கண்டுபிடித்திருப்பாய்.

முதலில் வீட்டுச் செய்திகள். ஹீட்டர் பார்க்க ஆள் வந்தான். பாதியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போய்விட்டான். தக்காளிச் செடிகளைப் பிடுங்கியாயிற்று. நாய் உன் வேலைக் காலணிகள்மேல்தான் படுக்கிறது, துடைக்க எடுத்தால் என்னையே முறைக்கிறது. சாலை போடும் கம்பெனியிலிருந்து உன் மேஸ்திரி வந்து விசாரித்தார். வசந்தத்தில் உனக்கு இடம் உண்டாம், ஆனால் ரோலர் ஓட்டத் தரமாட்டார்களாம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நீயும் அதை ஒப்புக்கொள்வாய்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. சாயங்காலங்கள்தான் உனக்குக் கஷ்டம் என்றும், அந்த நேரத்தில் ‘கீழே ஊரில் நிவெஸும் தொடாமல்தான் இருக்கிறாள்’ என்று நினைத்துக்கொண்டே தாண்டிவிடுகிறாய் என்றும் எழுதியிருந்தாயே. எர்மெஸ், நான் தொட்டுவிட்டேன். ஒயின் குடித்தேன். இதைப் படிக்கும்போது நீ தனியாக இருந்தால், எழுந்துபோய் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. தயவுசெய்து.

குடியை விடுகிறவர்களின் புதன்கிழமைக் குழுவில் நாம் இருவரும் சேர்ந்து கொடுத்த வாக்கு அது. குடித்தவர் மட்டும் விட்டால் போதாது, வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது என்று குழுவை நடத்தும் ப்ரூனா சொன்னபோது நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். எனக்கென்ன வந்தது, நான் குடிக்கிறவளே இல்லையே என்ற திமிர். உனக்குத்தான் அது மலை ஏறுகிற மாதிரி, எனக்கு வாசல்படி தாண்டுகிற மாதிரி என்று நினைத்தேன். வாசல்படியில்தான் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு உன் தங்கை மிரெல்லா லாங்கே மலைப்பக்கம் இரண்டு நாள் பேருந்துப் பயணத்துக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். நான் வரவில்லை என்றேன். “எத்தனை மாசமா ஆஸ்பத்திரி, குழு, வீடுன்னே சுத்தற. அண்ணன் மலைல இருக்கான்னா நீயும் சாமியாராகணுமா?” என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் நாள் காலையில் ஒயின் ருசி பார்க்க ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அந்த நேரம் பேருந்திலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னேன். ஓட்டுநர் பூட்டிக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டார். வெளியே நல்ல மழை. வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

நீண்ட மேசை, ஆளுக்கு மூன்று கிளாஸ், நடுவில் பாலாடைக்கட்டி, வறுத்த ஹேசல் கொட்டை, குச்சி ரொட்டி. இலாரியா என்று ஒரு பெண் விளக்கிச் சொல்ல நின்றாள். எனக்குத் தண்ணீர் போதும் என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. “பரவால்லைங்க சிஞ்ஞோரா, நீங்க முகர்ந்து மட்டும் பாருங்க. குடிக்கிறதே கடைசி வேலைதான். வேண்டாம்னா துப்புறதுக்கும் பாத்திரம் வெச்சிருக்கோம்” என்றாள். முகரக்கூடாது என்று குழுவில் யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன்.

முதல் கிளாஸில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பெர்காமோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர், நல்ல மனிதர், காட்டு ஸ்ட்ராபெரி என்றார். அவர் மனைவி, எனக்கு ஒயின் வாசனைதான் வருது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் முகர்ந்தேன். கருஞ்செர்ரி, பாதாம் தோல் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “இந்தப் பாட்டில் இன்னிக்குத் திறந்தது இல்லையே, நேத்து சாயங்காலம் திறந்ததுதானே?” என்று கேட்டேன். இலாரியாவுக்குக் காது சிவந்துவிட்டது. முந்தின நாள் வந்த கூட்டத்துக்குத் திறந்தது, கொஞ்சம் மீதி இருந்தது என்று ஒப்புக்கொண்டு, வேறு பாட்டில் கொண்டுவந்தாள். மேசை முழுக்கக் கைதட்டியது.

என் மூக்கு எங்கே படித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருஷம் நீ கதவைத் திறந்து உள்ளே வந்ததும் முத்தம் கொடுக்கிற சாக்கில் முகர்ந்திருக்கிறேன். வெள்ளை ஒயினாக இருந்தால் சதுக்கத்து பார். சிவப்பாக இருந்தால் உன் சித்தப்பா மகனின் நிலவறை. அதிமதுர மிட்டாய் வாசனை வந்தால் அதற்கு அடியில் கிராப்பா சாராயம் இருக்கும். நேற்றுக் குடித்ததா, இன்றைக்குக் குடித்ததா என்பதுவரை உன் வேலைக் கோட்டை முகர்ந்தே சொல்வேன். போலீஸ் நாய்கூடச் சம்பளத்துக்குத்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த அசிங்கமான படிப்புக்கு அன்றைக்குக் கைதட்டல் கிடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். என் பக்கத்தில் மிரெல்லா தலையைக் குனிந்து கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது, நெப்பியோலோ என்ற திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். தார். சாலையில் சூடாக ஊற்றுகிற அதே தார், அதன்மேல் வாடின ரோஜா. நம் அலமாரியைத் திறந்த மாதிரியே இருந்தது. உன் வேலைக் கோட்டுக்குள் நான் காய்ந்த ரோஜா இதழ் கட்டித் தொங்கவிடுவேனே, அந்த வாசனை. தார், ரோஜா என்று சொன்னேன். இலாரியா அப்படியே நின்றுவிட்டாள். இந்தத் திராட்சையைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அந்த இரண்டும்தானாம். “எங்க கத்துக்கிட்டீங்க சிஞ்ஞோரா?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரரிடம் என்றேன். அதுவரை பொய் இல்லை.

“ரசனையான மனுஷர்போல. அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றாள். மேசையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குடியை விட மலைமேல் இல்லத்தில் இருக்கிறார் என்று சொல்லலாம். வேலை இருக்கிறது, வரவில்லை என்று சொல்லலாம். நான் சொன்னது, “அவர் தவறிட்டாருங்க.”

எர்மெஸ், அந்தச் சொல்லை நான் தேடவே இல்லை. இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி மாதிரி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. மார்ச்சில் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை இப்படி வந்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியுமான்னு தெரியலம்மா” என்று சொன்னாரே, அன்றைக்கே நான் அதைத் தயார் செய்துவிட்டேன் போலிருக்கிறது. ஒருவேளை அதற்கும் முன்பே. நீ வாசலில் விழுந்துகிடந்த சில நாட்களில், ஒரேயடியாக முடிந்தால் தேவலை என்றும் நினைத்திருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் பிறகு இந்தக் கடிதம் எதற்கு.

மிரெல்லா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பல் டாக்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எழுந்து நின்று, “பேர் என்னங்க அவருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப எர்மெஸுக்காக” என்று கிளாஸைத் தூக்கினார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் என் தண்ணீர் கிளாஸைத் தூக்கினேன். உடனே டாக்டரின் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “ஐயோ, தண்ணியில வேண்டாங்க. போனவர் பேர்னாலும் தண்ணியில சொன்னா ஆகாது” என்றாள்.

நம் பக்கத்திலும் அப்படித்தானே சொல்வோம். தண்ணீரைத் தூக்கி யார் பெயரைச் சொன்னாலும் அந்த ஆளுக்குக் கெட்டது வரும் என்பார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் உன்னைச் சாகடித்தவள்தான் நான். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பது அந்த மேசையில் எனக்கும் மிரெல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். தண்ணீரில் சொல்லி ஏதாவது உனக்கு ஆகிவிட்டால்? தண்ணீரைக் கீழே வைத்தேன். நெப்பியோலோவை எடுத்தேன். எர்மெஸுக்காக என்று சொல்லிக் குடித்தேன்.

துப்புகிற பாத்திரம் பக்கத்திலேயே இருந்தது. ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு எப்படித் துப்புவது. முழுங்கினேன்.

இதுவரைக்கும் படித்து, பாவம், பயத்தில் செய்துவிட்டாள் என்று நீ சொல்வாய். உனக்கு இளகின மனசு. அதனால் மீதியையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாய் குடிக்கும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் உட்கார்ந்து பாலாடைக்கட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நானாகத்தான் எடுத்தேன். நாக்கைக் கவ்விப் பிடித்தது, பிறகு விட்டது, நெஞ்சுக்குள் மெல்லச் சூடு பரவியது. பிடித்திருந்தது. கிளாஸ் காலியாகும்வரை குடித்தேன். இவ்வளவு வருஷம் இந்தச் சனியனை உன் வாயிலும் துணியிலும் மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். இது நல்லாத்தான் இருக்கும் நிவெஸ், அதுதான் பிரச்சினையே என்று நீ ஒருமுறை சொன்னபோது உன்மேல் தட்டை வீசினேன். இப்போது அந்தத் தட்டை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

திரும்பும் வழியில் மிரெல்லா, “என் அண்ணனை ஒரே வார்த்தைல பொதைச்சிட்டியேடி, பூவாவது வாங்கிப் போட்டிருக்கலாம்” என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதாள். “நானும்தானே கிளாஸைத் தூக்கினேன்” என்றாள். அவளைத் திட்டிவிடாதே, தப்பு என்னுடையது. வீட்டு வாசலில் இறங்கும்போது, “அண்ணன்கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத. மலைல ஏதோ ஒரு நூலைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கான், அதை நீ அறுத்துடாத” என்றாள்.

அதுதான் என் பயமும். அந்த நூல் நான்தான் என்று நீயே எழுதிவிட்டாய். சொல்லாமல் விட்டால் நீ ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு தாண்டுவாய். சொன்னால் தாண்டாமலேயே போய்விடுவாயோ என்று கலக்கமாக இருக்கிறது. ப்ரூனாவைப் போய்ப் பார்த்தேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. “குழுல சொல்றதுக்கு முந்தி எர்மெஸுக்குச் சொல்லு. அவன் உன்கிட்ட எத்தனை தடவை ‘இன்னிக்குத் தப்பு பண்ணிட்டேன்’னு வந்து நின்னிருக்கான். இப்ப உன் முறை” என்றாள். நாளைக்குக் குழுவில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன், உன் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று. நம் வீட்டில் குடிக்காத நாட்களின் கணக்கை அவர்கள் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். நீ ஒரு சொட்டும் தொடாமல் இருந்தும் என்னால் உனக்கு அந்த நிலை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி ஒன்று மட்டும் கேட்பேன். என்மேல் கோபப்படு. பதில் எழுதாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய வீட்டாரும் வரும்போது என்னிடம் பேசாமல் வேண்டுமானாலும் உட்கார். ஆனால், அவளே குடித்துவிட்டாள், இனி யாருக்காக என்று சொல்லிக்கொண்டு கீழே கிராமத்து பாருக்கு மட்டும் இறங்கிப் போய்விடாதே. என்னை நினைத்து நீ விட வேண்டாம், நான் நம்பத் தகுந்தவள் இல்லை என்று தெரிந்துவிட்டது. உன்னை நினைத்து விடு.

முன்பின் தெரியாதவர்கள் ஒரு மேசை நிறைய உட்கார்ந்திருக்க, நீ செத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேருந்திலிருந்து இறங்கும்போது நீ வாசலுக்கு நடந்து வந்து நின்று என்னைப் பொய்க்காரியாக்கு. அன்றைக்கு ஒரு நாள் போதாது எர்மெஸ். நான் கண்ணை மூடுகிறவரைக்கும் பொய்க்காரியாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு வரத்தைக் கடவுள் எனக்குக் கொடுக்கட்டும்.

உன்
நிவெஸ்