ஹாலில் கேட்காத சத்தம்

வாயாடிக்கு,

முதுகு வலி இப்போது பரவாயில்லை. வாயில் வராததைத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கவுன்சிலிங் கொடுக்கும் அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

நேற்று அவர் முன்னால் நீ, "என் நெஞ்சுத் தழும்பப் பாத்தா இவருக்கு அருவருப்பு. அதான் ஆறு மாசமா ஹால்ல படுக்கறாரு" என்றாய். நான் மேசை மேல் இருந்த டிஷ்யூ டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தழும்பு இல்லை. சத்தியமாக அது இல்லை.

இதய ஆபரேஷனில் உலோக வால்வு வைத்ததிலிருந்து உன் மார்பில் கடிகாரம் போல ஒரு சத்தம் கேட்கிறது. "நல்லாதாங்க ஓடுது" என்று நீ சிரிப்பாய். நான் இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவன். சத்தத்தைக் கேட்டே எது எப்போது நிற்கும் என்று சொல்லிப் பிழைப்பவன்.

நீ தேறி வந்த பிறகு நாம் நெருங்கிய அந்த ஒரே முறை, உன் மூச்சோடு சேர்ந்து அதுவும் வேகமெடுத்தது. டாக்டர் பயமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் நானே உன்னைக் கொல்கிறேன் என்று தோன்றிவிட்டது. முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லி எழுந்து போனேன்.

ஹாலுக்கு அந்தச் சத்தம் வராது. சோபாவில் அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் நீ தைலத்தோடு வந்தாய். "எங்க வலிக்குது, காட்டுங்க" என்று கேட்டு, ஒன்றுமே இல்லாத முதுகை வெகுநேரம் தேய்த்துவிட்டாய். நீ தேய்த்து முடிக்கும்வரை, உனக்கு முதுகைக் காட்டியபடி, நான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதுகு வலியே இல்லாத,
உன் மெக்கானிக்